மீதி மூன்று பேர்

செவிலியர் தேர்வுகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. நான்கு நோயாளிகளை ஆளுக்கொரு வரியில் சொல்லிவிட்டு, டூட்டிக்கு வந்ததும் முதலில் யாரிடம் போவீர்கள் என்று கேட்பார்கள். குடலிறக்க அறுவை முடிந்து வலிக்கிறது என்பவர், டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளி, பக்கவாதத்தில் கிடக்கும் பெரியவர், காலையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு இப்போது இடம் தெரியாமல் உளறும் அம்மாள். கடைசியில் சொன்னவரிடம்தான் முதலில் போக வேண்டும். புதிதாக வந்த குழப்பம் என்றால் மூளைக்குப் பிராணவாயு போதாமல் இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், நோய்த்தொற்று ரத்தத்தில் ஏறியிருக்கலாம். வெளிநாட்டு வேலைக்காக என்க்ளெக்ஸ் எழுதும் பிள்ளைகள் இந்த மாதிரிக் கேள்விகளைப் பயிற்சி மையங்களில் மலைமலையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் அந்தத் தேர்வையே புதுப்பித்து, செவிலியர் முடிவெடுக்கும் விதத்தை ஆறு படிகளாகப் பிரித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். அறிகுறியைக் கவனிப்பதில் தொடங்கி, செய்ததன் பலன் என்ன என்று திரும்பிப் பார்ப்பதில் முடிகிறது அது. நல்ல தேர்வு. வகுப்பில் நானும் இப்படித்தான் கேட்டேன், பிள்ளைகளும் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் விடையைச் சொல்லி முடித்து அடுத்த கேள்விக்குப் போகும் அந்த இடத்தில் எனக்கு ஏதோ உறுத்தும். அம்மாளிடம் போயாயிற்று, சரி. மீதி மூன்று பேர் என்ன ஆனார்கள்? பக்கவாதப் பெரியவரை அன்றைக்கு யார் புரட்டிப் படுக்கவைத்தார்கள்? வினாத்தாளில் அதற்கு இடமில்லை. வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த உறுத்தல் என்னை விடவில்லை.

முதலில் யார் என்பதே சுலபமான கேள்வி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜி.எச். வார்டில் ராத்திரி டூட்டிக்குள் நுழைகிற புதுப்பெண்ணை இழுப்பது சத்தம். யார் கத்துகிறாரோ அவரிடம் கால் தானாகப் போகும். கத்த முடிகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, நுரையீரலுக்குள் காற்று போய் வருகிறது, கத்துவதற்கான தெம்பு இருக்கிறது என்பதை அவள் பாடத்தில் படித்திருப்பாள். ஆனாலும் காது அதை ஒப்புக்கொள்ள வருஷங்கள் ஆகும். ஆஸ்துமா முற்றிய பையனின் நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் நின்றுபோனால், பக்கத்தில் இருக்கும் அம்மா, 'இப்பத்தான் சாமி புண்ணியத்துல அசந்து தூங்குறான் சிஸ்டர்' என்பார். உண்மையில் சத்தம் எழுப்புகிற அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை. பூச்சிமருந்து குடித்தவன் அட்ரோபினில் தேறி, வாய் நுரை அடங்கி, கண்பாவை விரிந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இட்லி கேட்கிறான் என்றால் வார்டே நிம்மதி அடையும். அனுபவமுள்ள சிஸ்டர் அவன் அருகில் போய், 'தலகாணிய விட்டு தலையைத் தூக்குப்பா பார்க்கலாம்' என்பார். தூக்க முடியவில்லை என்றால் கழுத்துத் தசை தளர்ந்துகொண்டிருக்கிறது, அடுத்தது மூச்சுத் தசை. நாலு நாள் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. இட்லி கேட்டவனிடம் தலையைத் தூக்கச் சொல்லத் தோன்றுவதைத்தான் நான் செவிலியரின் அறிவு என்பேன்.

விடியற்காலை நாலு மணிக்கு வரும் வயிற்றுவலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிராமத்திலிருந்து, பெரும்பாலும் தரையில் பாய்விரித்துப் படுத்த ஆள். ராத்திரி சாப்பிட்ட கறிக்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் முடிவு கட்டித்தான் கூட்டிவருவார்கள். நாடி சரி, பி.பி. சரி, வயிறு மெத்தென்று இருக்கும். ஓர் ஊசியைப் போட்டுப் படுக்க வைத்தால் கண் சொக்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் கண் சொக்காதவர்கள் யார்? கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது. பல்தடம் தெரியாமலே போவதும் சகஜம். தூக்கத்தில் கடிபட்டவருக்குக் கடிபட்டதே தெரியாது. வயிற்றுவலி, வாந்தி, பிறகு கண்ணிமை கீழே இறங்கும். தூக்கக் கலக்கத்துக்கும் இமைத் தசை செயலிழப்பதற்கும் உள்ள வித்தியாசம், 'நிமிர்ந்து உத்தரத்தப் பாருங்கய்யா' என்று சொல்லிப் பார்க்கும்போதுதான் தெரியும். தூங்கி வழிகிறவர் நெற்றியைச் சுருக்காமல் இமையைத் தூக்கிவிடுவார். கடிபட்டவர் நெற்றி முழுவதும் வரிவரியாக மடிய, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்ப்பார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னால் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். 'எங்க படுத்தீங்க, கட்டில்லயா தரையிலயா?' என்ற ஒரு கேள்வியில் உயிர் தங்கிவிட்ட இரவுகள் தமிழ்நாட்டு வார்டுகளில் எத்தனையோ. அவை எந்தப் பதிவேட்டிலும் தனியாக எழுதப்படவில்லை. கேஸ் ஷீட்டில் பாம்புக்கடி, விஷமுறிவு மருந்து, வென்டிலேட்டர், டிஸ்சார்ஜ் என்று இருக்கும். யார் முதலில் இமையைப் பார்த்தார் என்பது இருக்காது.

இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று எழுதியவர்களில் பேட்ரிஷியா பென்னரை எனக்குப் பிடிக்கும். 1984இல் வந்த அவருடைய புத்தகம், புதியவரிலிருந்து தேர்ந்தவர் வரை செவிலியர் ஐந்து நிலைகளில் வளர்வதைச் சொல்கிறது. தேர்ந்தவர் விதிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில்லை, மொத்தமாகப் பார்த்து ஏதோ சரியில்லை என்று உணர்கிறார் என்பது அவர் கண்டது. எனக்கு அதில் உடன்பாடு உண்டு, அச்சமும் உண்டு. உணர்வை நம்பியே வார்டு நடக்குமானால், அனுபவமில்லாதவள் டூட்டியில் இருக்கும் இரவில் வந்து படுத்தவர் செய்த பாவம் என்ன? லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, நாடி, பி.பி., காய்ச்சல், நினைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே மூன்று. கூட்டுத்தொகை ஏறினால் பயந்த சுபாவமுள்ள புதுப்பெண்ணும் டூட்டியில் இருக்கும் பி.ஜி. டாக்டரை எழுப்பலாம். அவளுடைய உள்ளுணர்வை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்த மூச்சை ஒரு நிமிடம் முழுதாக நின்று எண்ண வேண்டும். நம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுங்கள். நிமோனியாக்காரருக்கும் கால்முறிவுக்காரருக்கும் மூச்சு 20 என்றே வரிசையாக எழுதியிருக்கும். நாற்பது பேருக்கு எண்ண நாற்பது நிமிடம் வேண்டும், அது யாரிடமும் இல்லை. எண்ணாத எண்ணைக் கூட்டினால் வருகிற மதிப்பெண் யாரையும் எச்சரிக்காது. 1990ஐ ஒட்டி சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் தொடங்கிய அவசரக் குழு ஏற்பாடு பல ஊர்களுக்குப் பரவியபோது, குழுவை அழைப்பதற்கான காரணங்களில் எண்களோடு கூட, பார்த்துக்கொள்பவருக்குக் கவலையாக இருக்கிறது என்பதையும் ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு சிஸ்டரின் கவலை போதும், எண் வேண்டாம், ஓடி வருகிறோம் என்று ஒரு நிர்வாகம் எழுத்தில் கொடுக்கிறது.

நம் வார்டில் கவலையோடு கூடவே வேறு ஒன்றும் வரிசையைத் தீர்மானிக்கிறது. அட்டெண்டர். கூட யார் இருக்கிறார், எத்தனை பேர், கவுன்சிலருக்குத் தெரிந்தவரா, குரல் எப்படி என்பதெல்லாம். 'டிரிப்ஸ் இறங்கலம்மா, வந்து பாருங்கம்மா' என்று ஐந்தாம் முறையாக வந்து நிற்கிற மகனைக் குறை சொல்ல மனசு வராது. அவன் அப்பாவுக்காக நிற்கிறான். ஆனால் அவன் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும், வந்து நிற்க ஆளில்லாத ஒருவரிடமிருந்து இரண்டு நிமிடம் போகிறது. ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய பெயர் தெரியாதவர், அறுபது வயதில் தனியாக வந்து தானே சேர்ந்துகொண்ட கைம்பெண், நெஞ்சுவலியை 'வாயு பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல கண்ணு' என்று சொல்லி நம்மையே சமாதானப்படுத்துகிற பாட்டி. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலே வரக்கூடும் என்பது தெரிந்தவள் அந்தப் பாட்டியின் வேர்வையைத் தொட்டுப் பார்ப்பாள். தெரியாதவளுக்கு அது நல்ல பாட்டி, தொந்தரவு செய்யாத பாட்டி. விஷம் குடித்து வந்தவர்களுக்கோ இன்னொரு வகைக் கழிவு. 'தானா தேடிக்கிட்டது' என்ற சொல்லை வார்டில் எல்லோர் வாயிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். ஆனால் அந்தச் சொல் ஒருவரை வரிசையில் ஓரடி பின்னால் தள்ளுகிறது. தள்ளியதைத் தள்ளியவரே உணர்வதில்லை.

பாதுகாப்பான கவனிப்புக்கு நேரம் பிடிக்கும் என்பதையும் வெளியிலிருப்பவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை. பிரசவ வார்டில் ஜன்னி வந்த பெண்ணுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெக்னீசியம் சல்பேட் போடுவோம். ஐந்து கிராம், இடுப்பில், ஆழமாக. ஊசியைத் தூக்குவதற்கு முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும். முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்குப் பதினாறாவது இருக்கிறதா, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா. ஒன்று இல்லையென்றாலும் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும், ஏனென்றால் கால் உதறல் போன பிறகு போவது மூச்சு. மாற்று மருந்தான கால்சியம் குளூக்கோனேட்டைத் தலைமாட்டில் எடுத்துவைத்திருக்க வேண்டும். எழுதியிருக்கும் மருந்தைப் போடாமல் நிறுத்திவைக்கும் அதிகாரமும் பொறுப்பும் அந்த நேரத்தில் சிஸ்டருடையது. இதைச் சரியாகச் செய்பவளுக்கு ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பிடிக்கும். அவசரமாகச் செய்பவளுக்கு ஒரு நிமிடம் போதும். சரியாகச் செய்பவள் அந்த நிமிடங்களை யாரிடமிருந்து எடுக்கிறாள் என்று யோசித்தால், திரும்பவும் அந்தப் பக்கவாதப் பெரியவரின் மூலைக் கட்டிலில்தான் வந்து நிற்கிறேன்.

ஒவ்வொரு மெடிக்கல் வார்டிலும் அந்த மூலைக் கட்டில் இருக்கும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பெரியவர். பேச்சு போயிருக்கும், மூக்கில் ரைல்ஸ் டியூப், சிறுநீருக்கு ஒரு குழாய். இன்றைக்கே ஆபத்து ஒன்றுமில்லை, இன்றைக்கே தேறவும் மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும், முதுகைப் பார்க்க வேண்டும். இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. இரண்டு பேர் வேண்டும், தோலைத் தேய்த்து இழுக்காமல் தூக்கிப் புரட்ட வேண்டும். ராத்திரியில் இரண்டாவது ஆள் என்றால் நோயாளியின் அட்டெண்டர், அல்லது மூன்று வார்டுக்கு ஒருவராக இருக்கும் ஒர்க்கர் அம்மா. பத்து மணிக்கு அவரிடம் போகக் கிளம்புகிறாள் சிஸ்டர். மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்து இறங்குகிறார். போக வேண்டியது அங்கேதான், சந்தேகமே இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறாள். ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவருக்குக் குளிர் நடுக்கம். சரியான முடிவு. இரண்டு மணிக்கு ஒருவருக்கு வலிப்பு. நாலு மணிக்கு அந்த வயிற்றுவலிக்காரர். ஒவ்வொரு முறையும் யார் முதலில் என்ற கேள்விக்கு அவள் நூற்றுக்கு நூறு சரியான விடை எழுதுகிறாள். அடுத்த நாள் ராத்திரி இன்னொருத்தி இதே மாதிரி சரியாக எழுதுகிறாள். நாலைந்து நாளில் பெரியவரின் இடுப்புக்குக் கீழே, எலும்பு மேட்டின் மீது கைப்பிடி அகலத்துக்கு ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுப்பதில்லை. அப்புறம் தோல் உரியும், கறுக்கும், ஒரு வாரத்தில் உள்ளே குழியாகும். அந்த வாசனையை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டிரஸ்ஸிங் மாற்றும்போது பேச்சில்லாத அந்த மனுஷர் ஒரு கண்ணால் மட்டும் அழுவார்.

யாருடைய தவறு? எந்த இரவைப் பிடித்து விசாரித்தாலும் அந்த இரவு குற்றமற்றது. எல்லா இரவும் சேர்ந்து ஒரு மனுஷரின் முதுகில் குழி தோண்டிவிட்டன. நான் பல ஆண்டுகளாக இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். நாங்கள் கற்றுக்கொடுக்கும் வரிசைக்கு நினைவு கிடையாது. மணிக்கு மணி புதிதாகப் பிறக்கிறது. போன தடவை யார் விட்டுக்கொடுத்தார், எத்தனை தடவை விட்டுக்கொடுத்தார் என்பது அதில் ஏறுவதே இல்லை. அவசரமும் முக்கியமும் ஒன்றாக இருக்கும் நோயாளிக்கு அது நியாயம் செய்கிறது. முக்கியம் ஆனால் ஒருபோதும் அவசரமில்லை என்ற நிலையில் இருப்பவரை அது ஒருநாளும் முதலிடத்துக்குக் கொண்டுவராது. அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்ற பேராசிரியர் 2006இல், செவிலியர் வார்டில் விட்டுப்போகும் வேலைகள் எவை என்று கேட்டு எழுதினார். நடக்கவைப்பது, புரட்டுவது, வேளைக்கு ஊட்டுவது, சொல்லிக்கொடுப்பது. ஊரும் கட்டடமும் வேறு, பட்டியல் மட்டும் நம் வார்டினுடையது போலவே இருந்தது.

படுக்கைப் புண் வந்தால் அதற்குப் பெரும்பாலும் நோய் காரணமில்லை, கவனிப்புதான் காரணம் என்று நைட்டிங்கேல் அம்மையார் 1859இலேயே எழுதிவிட்டார். அதைச் சொல்லித்தான் எங்களைத் திட்டுவார்கள், நாங்களும் பிள்ளைகளைத் திட்டினோம். அதே புத்தகத்தில் சிறு நிர்வாகம் பற்றிய அத்தியாயம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. நீ இருக்கும்போது நடக்கிறது நீ இல்லாதபோதும் நடப்பதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறாய் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் கேள்வி. அதை ராத்திரி டூட்டிப் பெண்ணிடம் கேட்டுப் பயனில்லை, அவளை அங்கே தனியாக நிறுத்தியவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் சொன்ன அளவு, போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். நாற்பது கட்டிலும் தரைப் பாயும் நிறைந்த வார்டில் ராத்திரி ஒருத்தி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களைப் படிக்கும்போது வாய் வறளும். லிண்டா ஐகனும் கூட்டாளிகளும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது இன்னும் நேரடியானது. அறுவை சிகிச்சை நோயாளிகளிடையே, ஒரு செவிலியர் பார்க்க வேண்டியவர் ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஒரே ஒருவர் கூடினாலே இந்த நிலை.

காத்திருந்ததற்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாமே என்று நினைத்ததுண்டு. மூன்று தடவை தள்ளிப்போனவர் நாலாவது தடவை முதலிடம் என்று. யோசித்தால் அது நிற்காது. வலிப்பு வந்தவரை விட்டுவிட்டு முதுகைப் புரட்டப் போகிற சிஸ்டரை யாரும் மன்னிக்கக் கூடாது. நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து யாரை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்தார், அது மனிதகுலத்துக்குக் கிடைத்த நல்ல விதிகளில் ஒன்று. நம் அரசு மருத்துவமனைகளின் விபத்து அவசரப் பிரிவு வாசலில் இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் அந்த வழியில் வந்ததுதான், அதனால் பிழைத்தவர்கள் பலர். ஆனால் போர் ஓய்ந்தால் போர்க்களத்தின் வேலையும் ஒருநாள் முடிந்துவிடும். வாசலில் ஒருவரைப் பார்ப்பது ஒரு தடவை. வார்டு முடிவதே இல்லை. அங்கே பச்சையில் இருப்பவர் பச்சையிலேயே இருந்து அழுகிறார்.

ஒரு வார்டில் நாங்கள் சில மாதம் ஒரு காரியம் செய்தோம். ரிப்போர்ட் புக்கில் செய்தவற்றுக்குக் கீழே செய்ய முடியாதவற்றை எழுதினோம். '31ஆம் கட்டில், இரவு பத்து முதல் நாலு வரை புரட்டவில்லை, இரண்டாவது ஆள் இல்லை.' காலை டூட்டிக்கு ஆட்கள் அதிகம். அவர்கள் வந்ததும் படுக்கை விரிப்பதையும் ரவுண்ட்ஸுக்குத் தயார் செய்வதையும் தள்ளிவைத்துவிட்டு, அந்த மீதிப் பட்டியலை முதலில் முடிப்பார்கள். இரவில் கடைசியில் இருந்தவர் காலையில் முதலாவது. வரிசைக்கு இல்லாத நினைவை நோட்டுக்குள் வைத்துவிட்டோம் என்று எனக்கு இருந்தது. ஆனால் எங்களுக்கு மூத்த சிஸ்டர் ஒருவர், எங்கள்மேல் பிரியமுள்ளவர், கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: 'எழுதாத கண்ணு. நாளைக்கு ஏதாவது கேஸு கீஸுன்னு வந்தா ஆள் இல்லைன்னு யாரும் பார்க்க மாட்டாங்க. புரட்டலைன்னு உன் கையெழுத்துதான் நிக்கும்.' அவர் சொன்னதில் பொய் இல்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று கட்டம் கட்டமாக டிக் போட்ட தாள்கள் எல்லா வார்டிலும் ஒழுங்காக இருக்கின்றன. அந்தத் தாளைத் தொங்கவிட்ட அதே கட்டிலில் புண்ணும் இருக்கிறது. பொய் டிக் போட்டவள் பாதுகாப்பாக இருக்கிறாள், உண்மையை எழுதியவள் மாட்டிக்கொள்கிறாள் என்றால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? வார்டு சிஸ்டர் மாற்றலாகிப் போனார், நோட்டு பழையபடி ஆனது. இதைத் திரும்பக் கொண்டுவர ஒரு சுற்றறிக்கை போதும். புதிய கருவி வேண்டாம், பணம் வேண்டாம். ஆனால் அதில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி, செய்ய முடியாததை எழுதியவள் மீது நடவடிக்கை இல்லை, ஆள் போடாதவர் மீதுதான் கேள்வி என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டியிருக்கும். பட்டியல் நீண்டுகொண்டே போனால் அந்தக் கேள்வி தன் மேசைக்கே வரும் என்று அவருக்கும் தெரியும்.